கடல் சேற்றை ருசி பார்க்கும் கூன்பூச்சி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் போனால் விசைப்படகுகளைக் கரையில் ஏற்றிச் சாய்த்து வைத்திருப்பார்கள். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகுக்கு வைத்தியம் பார்க்கும் காலமும் அதுதான். இன்ஜினைப் பிரிப்பார்கள், உளுத்த பலகையை மாற்றுவார்கள், அடிப்பாகத்தில் கல் போன்ற ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும் கொட்டலசைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். சுரண்டிய பழைய பெயின்ட் செதில் செதிலாக ஈர மணலில் கிடக்கும். அடுத்த ஓதம் வந்து அதைக் கொண்டுபோய்விடும்.

அப்படி ஒரு நாள், நான் படகுகளுக்குக் கீழே டப்பாவில் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது, சுரண்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, சேத்தப் போயி டப்பால அள்ளுறீங்க?"

"இதுல விஷம் ஏறியிருக்கான்னு பாக்கணும்ணே."

"மெஷின்ல வச்சா சொல்லிறாதா?"

"என்னென்ன இருக்குன்னு மெஷின் சொல்லிரும்ணே. அதால உசுருக்குக் கேடா இல்லையான்னு அது சொல்லாது."

"பெறகு யாரு சொல்லுவா?"

"ஒரு பூச்சி."

அவர் சிரித்துவிட்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். நான் விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. உலகம் முழுக்கத் துறைமுகச் சேற்றைச் சோதிக்கிற முறைகளில் முக்கியமான ஒன்று இதுதான். இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த, அரிசி நீளம்கூட இல்லாத ஓர் உயிரை அந்தச் சேற்றில் பத்து நாள் குடிவைத்து, எத்தனை பிழைக்கிறது என்று எண்ணுவது.

மெஷின் ஏன் போதாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். படகுக்கு அடிக்கும் பெயின்டில் பெரும்பாலும் செம்பு இருக்கும். கொட்டலசு ஒட்டாமல் இருப்பதற்காகவே சேர்ப்பது. அந்தச் செதில் சேற்றில் கலந்தால், ஆய்வகக் கருவி 'ஒரு கிலோ சேற்றில் இத்தனை மில்லிகிராம் செம்பு' என்று துல்லியமாகச் சொல்லும். ஆனால் சேற்றில் இருக்கிற செம்பெல்லாம் ஓர் உயிரின் உடம்புக்குள் போய்விடுவதில்லை. பெட்டியில் பூட்டிய பணமும் சட்டைப் பையில் இருக்கிற பணமும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்கலாம். செலவுக்கு ஆவது சட்டைப் பையில் இருப்பதுதான்.

சேற்றில் அந்தப் பூட்டு எது? பாக் நீரிணைப் பக்கம், தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் சேற்றைக் கிளறியவர்களுக்குத் தெரியும். மேலே சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு விரல்கடை கீழே போனால் கன்னங்கரேல் என்று வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே ஆக்சிஜன் கிடையாது. கடல்நீரில் இருக்கிற சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. அவை வெளியே விடுவது சல்ஃபைடு. நாற்றமும் கறுப்பும் அதனால்தான். செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம், நிக்கல் எல்லாம் இந்தச் சல்ஃபைடுடன் சேர்ந்து கரையாத பொருளாகிக் கட்டுண்டு கிடக்கும். எண்ணெய், பூச்சிமருந்து போன்றவற்றைச் சேற்றில் மக்கிக் கிடக்கும் தாவரக் கழிவு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே செம்பு நிறைய உள்ள கறுப்புச் சேறு ஒன்று உயிருக்குப் பெரிய தொல்லை தராமல் இருக்கலாம். செம்பு குறைவாக உள்ள வெளுத்த மணல் அதில் வாழும் உயிரைக் கொல்லலாம். அந்தக் கறுப்புச் சேற்றையே இழுவை வலையின் பலகையோ தூர்வாரும் இயந்திரமோ கிளறிவிட்டு ஆக்சிஜன் பட்டால் பூட்டு திறந்துகொள்ளவும் கூடும்.

இத்தனை கணக்கையும் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது கஷ்டம். சேற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற ஓர் உயிரைக் கேட்டால், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே பதிலாகத் தந்துவிடும்.

அந்த உயிருக்கு அறிவியலில் ஆம்பிபாட் என்று பெயர். கிரேக்கச் சொல். இருவிதக் கால்கள் உடையது என்று பொருள். நீந்த ஒரு வகைக் கால், குதிக்கவும் உந்தவும் இன்னொரு வகை. நம் ஊரில் இதற்கென்று தனிப்பெயர் நான் கேட்டதில்லை. ஆனால் பார்க்காதவர் இருக்க முடியாது. கரையில் ஒதுங்கிக் குவிந்து கிடக்கும் கடல்தாழை என்ற கடல்புல்லைப் புரட்டினால் தெள்ளுப்பூச்சி மாதிரி நாலாபக்கமும் தெறிக்குமே, அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். உடம்பு பக்கவாட்டில் தட்டையாக, முதுகு வளைந்து, பார்ப்பதற்குக் கூனி போல இருக்கும். அதனால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் கூன்பூச்சி என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தையில் படி கணக்கில் வாங்கும் கூனி வேறு. கூனி இறாலுக்கு நெருங்கிய சொந்தம், தண்ணீரில் கூட்டமாக நீந்துவது, கண் சிறு காம்பின் மேல் நிற்கும். கூன்பூச்சிக்குக் கண் தலையோடு ஒட்டியிருக்கும். இறாலுக்கு முன்பாதியை மூடியிருக்கும் ஓடு இதற்குக் கிடையாது. உடம்பு முழுக்க வளையம் வளையமாகத் தெரியும். பூச்சி என்கிறேனே தவிர, இது பூச்சியும் இல்லை.

உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சோதனைக்கு ஆகிறவை சேற்றில் வளை தோண்டியோ, சேற்றுத் துகளை ஒட்டிக் குழாய் கட்டியோ வாழும் சில வகைகள். அவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி பகல் சேற்றோடு சேறாகக் கிடக்கும். சேற்றுத் துகளையும் அதில் ஒட்டிய நுண்ணுயிரையும் தின்னும். துகள்களுக்கு இடையில் இருக்கும் நீர் எப்போதும் அதன் செவுளில் பட்டுக்கொண்டே இருக்கும். மீன் என்றால் இடம் பிடிக்கவில்லை என்றால் போய்விடும். இது போகாது.

இன்னொன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த காரணம் அதுதான். இறாலும் நண்டும் முட்டையிலிருந்து நுண்ணிய இளம் உயிரிகளாகப் பிரிந்து நீரோட்டத்தில் வெகுதூரம் போய்விடும். கூன்பூச்சிக்கு அந்தப் பருவமே கிடையாது. தாயின் வயிற்றுக்கு அடியில் ஒரு பை உண்டு. முட்டை அதிலேயே பொரியும், வெளியே வரும்போதே தாயின் சின்ன அச்சாக வரும். வந்த குஞ்சு பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வளை தோண்டும். ஆகவே ஓரிடத்துக் கூன்பூச்சிகள் செத்துப்போனால், வெளியூரிலிருந்து நீரோட்டத்தில் மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஆள் கிடையாது. 1978 மார்ச்சில் பிரான்சின் பிரிட்டனி கரையில் அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் உடைந்து ஏறக்குறைய 2,20,000 டன் எண்ணெய் கொட்டியது. அங்கே மோர்லே விரிகுடாவில் சேற்று மணலில் அடர்ந்து கிடந்த ஆம்பெலிஸ்கா என்ற கூன்பூச்சி வகைகள் சில வாரங்களில் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. பழைய அடர்த்திக்குத் திரும்பப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. எண்ணெய் போன பிறகும் ஆள் வந்து சேரத்தான் அத்தனை காலம்.

1980களில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பியூஜட் சவுண்ட் பகுதித் தொழிற்சாலைத் துறைமுகச் சேற்றைச் சோதிக்க ரெபாக்சினியஸ் என்ற கூன்பூச்சியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். முறை அங்கிருந்து பரவியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994-இல் நான்கு வகைக் கூன்பூச்சிகளை வைத்து ஒரு செய்முறை நூலே வெளியிட்டது. ஐரோப்பியர்கள் தங்கள் கழிமுகச் சேற்றில் கிடைக்கும் கோரோஃபியம் என்ற வகையை வைத்துக்கொண்டார்கள்.

சரி, சோதனையை எப்படிச் செய்வது?

சேறு எடுப்பதிலிருந்து தொடங்குகிறது. ஆழமான இடமென்றால் படகிலிருந்து கயிற்றில் இறக்கும் கவ்வி ஒன்று உண்டு. இரண்டு இரும்புக் கிண்ணங்கள் வாயைப் பிளந்தபடி இறங்கி, தரையில் பட்டதும் மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் மேற்பரப்பிலுள்ள இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சேற்றை மட்டும் கரண்டியால் எடுக்க வேண்டும். அண்மையில் வந்து படிந்தது அதுதான். கீழே இருப்பது பழைய கதை. காற்றுப் புகாமல் டப்பாவை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, இருட்டில் 4 டிகிரியில் வைக்க வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் விட்டாலே சேற்றின் குணம் மாறிவிடும்.

எப்போது எடுப்பது என்பதும் நம் கரையில் யோசிக்க வேண்டிய விஷயம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. கொந்தளிப்பில் எடுத்த சேறும் அமைதியில் எடுத்த சேறும் ஒன்றாக இருக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு பிடி மண் எடுப்பதானாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு லிட்டர் கண்ணாடி பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சேறு, அதன் மேல் கலங்காமல் சுத்தமான கடல்நீர். மீன் தொட்டிக்குப் போடுவது போல மெல்லிய காற்றுக் குழாய். ஓர் இரவு தெளிய விட்டு, மறுநாள் பீக்கருக்கு 20 கூன்பூச்சி. ஓர் இடத்துச் சேற்றுக்கு ஐந்து பீக்கர், அதாவது 100 உயிர். போட்ட கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியமானவை தலைகீழாகச் சேற்றுக்குள் மறைந்துவிடும். தானாகவே நலிந்து மேலே மிதப்பவை இருந்தால் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். விளக்கு பத்து நாளும் அணையாமல் எரியும். வெளிச்சம் இருந்தால் வெளியே வராமல் சேற்றுக்குள்ளேயே கிடக்கும் என்பதற்காக. தீனி கிடையாது. பார்க்கிறவருக்குக் கொடுமையாகத் தோன்றும், ஆனால் தீனி போட்டால் அது சேற்றைத் தின்னாமல் தீனியைத் தின்னும்.

பத்தாம் நாள் பீக்கரை அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கவிழ்த்து, மெல்லத் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவிவிட்டு எண்ண வேண்டும். அசைவது உயிருள்ளது. ஊசியால் லேசாகத் தொட்டும் கால் அசையாதது செத்தது. காணாமல் போனதும் செத்தது என்றே கணக்கு. அந்த அளவு உடம்பு இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும், இல்லையென்றால் மற்றவை தின்றிருக்கும். பிழைத்தவற்றை நல்ல சேறு வைத்த கிண்ணத்தில் விட்டு ஒரு மணி நேரத்தில் புதைகிறதா என்றும் பார்ப்பார்கள். உயிர் இருந்தும் புதையத் தெரியாமல் தடுமாறுகிறது என்றால், கடலில் அடுத்த நிமிடம் அது ஒரு மீனுக்குத் தீனி.

இனிச் சொல்லப்போவதுதான் சோதனையின் உயிர்நாடி என்பது என் கருத்து. புதிதாகச் செய்கிறவர்கள் அசட்டை செய்வதும் இதைத்தான். சந்தேகப்படும் சேற்றோடு கூடவே, சுத்தமானது என்று உறுதியாகத் தெரிந்த சேற்றிலும் அதே நாள், அதே விளக்கின் கீழ், அதே 100 உயிரை வைக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுச் சேற்றில் 90-க்குக் குறைவாகப் பிழைத்தால் சோதனை முழுவதும் செல்லாது. பத்து நாள் உழைப்பையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஏனென்றால் பூச்சிகளே நலிந்தவையாக இருக்கலாம், தண்ணீர் கெட்டிருக்கலாம், குழாயில் காற்று நின்றிருக்கலாம். அப்போது சந்தேகச் சேற்றில் செத்தவை எதனால் செத்தன என்று யார் சொல்வது?

ஒப்பீட்டில் 96 பிழைத்து, படகுத்துறைச் சேற்றில் 58 பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பீக்கர்களின் எண்ணிக்கையையும் புள்ளியியல் கணக்கில் போட்டு, இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்ப்பார்கள். தற்செயல் இல்லை என்றும், ஒப்பீட்டில் பிழைத்ததில் 80 விழுக்காடுகூட இங்கே பிழைக்கவில்லை என்றும் ஆனால், சேறு நச்சு என்று எழுதுவது பல இடங்களில் வழக்கம். 96-இல் 80 விழுக்காடு என்பது 77-க்குக் கிட்ட. 58 அதற்கு வெகுவாகக் கீழே. 85 பிழைத்திருந்தால்? சந்தேகத்தின் பலன் சேற்றுக்கு.

ஆனால் 58-ஐக் கண்டவுடன் படகுப் பெயின்ட்டைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. பூச்சி சாவதற்கு விஷம் இல்லாத காரணங்களும் உண்டு.

முதலாவது மணலின் பருமன். தென்கடல் பக்கத்துத் தரை சிப்பித் தூளும் பவளத் தூளும் கலந்த நறநற மணல். வடகடல் பக்கம் பல இடங்களில் மாவு போன்ற நைந்த சேறு. மணலில் வாழப் பழகிய வகையைக் கொண்டுபோய் அந்த நைந்த சேற்றில் விட்டால், ஒரு துளி விஷம் இல்லாமலேயே ஒரு பங்கு செத்துவிடும். ரெபாக்சினியஸ் அப்படித்தான், நுண்சேறு அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஒப்பீட்டுச் சேறும் சந்தேகச் சேற்றின் பருமனுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். தென்கடல் பக்கத்துக் குந்துகால் மணலை ஒப்பீடாக வைத்துக்கொண்டு தொண்டிச் சேற்றைக் குறை சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது உப்பு. வைகை ஆற்றங்கரை ஊரருகே கடலில் சேரும் முகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்த சேறு உப்பு குறைந்ததாக இருக்கும். அதே இடத்தில் வைகாசியில் எடுத்தால் கடலைவிட உப்பு ஏறியிருக்கக் கூடும்.

மூன்றாவது அம்மோனியா. இறால் பண்ணைக் கழிவுநீர் வடியும் வாய்க்கால் முகங்களில் தின்னாத தீவனமும் எச்சமும் அழுகும்போது இது உண்டாகும். ஊரின் சாக்கடை கலக்கும் இடத்திலும் உண்டாகும். இலையும் தாழையும் மக்கும் நல்ல சேற்றிலும் கொஞ்சம் உண்டாகும். அம்மோனியாவும் விஷம்தான். ஆனால் செம்பைத் தேடிப்போன இடத்தில் அம்மோனியா கொன்றதைச் செம்பின் தலையில் கட்டக் கூடாது.

இவற்றைப் பிரித்தறிய ஒரு துப்பறியும் வேலை உண்டு. கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு முகம் மலரும். ஒரே சேற்றை மூன்று பங்காக்கி, ஒன்றில் கடல்பாசியை மிதக்க விடுகிறார்கள். மண்டபத்தில் பாறைமேல் பச்சைக் காகிதம் போல ஒட்டியிருக்கும் உல்வா என்ற பாசிக் குடும்பம். அது அம்மோனியாவை உறிஞ்சி உரமாக்கிக்கொள்ளும். இரண்டாவது பங்கில் தேங்காய்ச் சிரட்டைக் கரித்தூளைக் கலக்கிறார்கள். எண்ணெய், பூச்சிமருந்து வகைகளைக் கரி இழுத்துக்கொள்ளும். மூன்றாவதில் உலோகங்களைப் பிடிக்கும் ஒருவகைப் பிசின் மணிகள். பிறகு மூன்றிலும் பூச்சியை விடுகிறார்கள். பாசி போட்ட பீக்கரில் மட்டும் உயிர்கள் பிழைத்தால் அம்மோனியாதான் ஆள். பிசின் போட்டதில் பிழைத்தால் உலோகம். அமெரிக்க ஆய்வகங்களில் உருவான முறைதான், ஆனால் சாமான் பட்டியலில் இரண்டு நம் கரையில் காசில்லாமல் கிடைப்பவை.

பத்து நாள் சோதனை உடனே கொல்லும் விஷத்தைத்தான் காட்டும். கொல்லாமல் மெதுவாக மெலியவைப்பதை அது காணாது. அதற்கு 28 நாள் சோதனை இருக்கிறது. குஞ்சாக விட்டு, தீனி கொடுத்து வளர்த்து, எவ்வளவு வளர்ந்தது, எத்தனை குஞ்சு போட்டது என்று பார்ப்பது. வேலையும் செலவும் மிக அதிகம். சேற்றை மதிப்பிடுகிறவர்கள் மூன்று சான்றுகளைச் சேர்த்தே வைப்பார்கள். வேதியியல் அளவு, பூச்சிச் சோதனை, அதே இடத்தில் இயற்கையாக வாழும் புழுக்கள், சிப்பிகள், கூன்பூச்சிகளின் கணக்கெடுப்பு. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் சந்தேகமில்லை.

எந்தப் பூச்சியை வைப்பது? அமெரிக்க நூலில் சொன்ன வகைகளில் இரண்டை 15 டிகிரி தண்ணீரில் வைக்க வேண்டும். நம் கடல் ஆண்டின் பெரும்பகுதி 26-க்கு மேலே. அந்தப் பூச்சிகளை விமானத்தில் கொண்டுவந்து குளிர்சாதன அறையில் வளர்த்து ராமநாதபுரச் சேற்றைச் சோதிப்பது, நம் வீட்டுக் குழம்புக்கு உப்பு சரியா என்று கேட்க லண்டனிலிருந்து ஆள் வரவழைப்பது போல. நம் உப்பங்கழிகளிலும் கழிமுகங்களிலும் கிராண்டிடிரெல்லா என்ற குழாய் கட்டும் வகை உண்டு. இதே குடும்பத்தின் ஜப்பானிய உறவு ஒன்று வெளிநாட்டுச் சோதனைகளில் ஏற்கெனவே பயன்பட்டிருக்கிறது. உள்ளூர் வகையை எடுப்பதென்றால் முதலில் அது ஆய்வகத்தில் குஞ்சு போட்டுப் பெருகுமா, எந்த மணல் பருமன் வரை தாங்கும், காட்மியம் கலந்த தண்ணீரில் நான்கு நாளில் எந்த அளவுக்குச் சாகும் என்று பொறுமையாக அளந்து வைக்க வேண்டும். அந்தக் காட்மியக் கணக்கு தராசுக்குப் படிக்கல் மாதிரி. ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் அதைச் செய்து பார்த்தால்தான் இந்த மாதப் பூச்சியும் போன மாதப் பூச்சியும் ஒரே பலமுள்ளவையா என்று தெரியும்.

சேறு தின்பதில் நம் கடலில் கூன்பூச்சியை மிஞ்சுவது கடல் அட்டை. அதை வைக்கலாமே என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். 2001-இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பீக்கரில் வைத்தால் ஆய்வாளரை வேறு இடத்தில் வைத்துவிடுவார்கள்.

தடைக்காலம் முடிவதற்குள் அந்த அண்ணனை மறுபடி பார்த்தேன். படகு தண்ணீரில் இறங்கத் தயாராக, அடிப்பாகம் செக்கச் செவேல் என்று மின்னியது. பூச்சி என்ன சொன்னது என்று கேட்டார். இன்னும் எண்ணவில்லை, ஏழு நாள்தான் ஆகிறது என்றேன்.

"நாங்க கொட்டலசு சாகட்டும்னுதான்டா தம்பி பெயின்ட் அடிக்கிறோம். ஒங்க பூச்சி எதுக்குச் சாகணும்?"

கொட்டலசும் கல் போல ஓடு மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதே தவிர, இறால் நண்டு கூன்பூச்சி எல்லாவற்றுக்கும் அதுவும் ஒரு பங்காளிதான் என்று சொன்னேன். ஓட்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கணுக்கணுவான கால்கள் இருக்கும். அவர் படகுக்கு அடியில் குனிந்து, விட்டுப்போன ஒரு கொட்டலசைக் கத்தி முனையால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.